வேர்க்குருனு விட்டுடலாமா? மார்பகத் தோல் மாற்றமும், தங்கையைப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியும்

கொருக்குப்பேட்டை பக்கம் வெயில் காலம் வந்தால் வேர்க்குருவுக்குப் பஞ்சமே இருக்காது. நெருக்கமான வீடுகள், கடல் பக்கத்து ஈரக்காற்று, உடம்போடு ஒட்டிக்கிற வியர்வை. அதனால் மார்புக்கு அடியில் தோல் சிவந்தாலோ அரித்தாலோ, பவுடரைப் போட்டுட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போறவங்கதான் இங்கே அதிகம்.

அப்படி வருவதில் பெரும்பகுதி வேர்க்குருவோ பூஞ்சைத் தொற்றோதான். ஆனால் எல்லாமே அப்படி இல்லை. சாதாரண கோளாறு என்று நினைத்த ஒன்று கடைசியில் புற்றுநோயாக இருந்த சோகம், சென்னையில் ஒரு டாக்டரின் குடும்பத்திலேயே நடந்தது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவானதற்குப் பின்னால் இருப்பதும் அந்தச் சோகம்தான்.

யார் இந்த முத்துலட்சுமி ரெட்டி?

கர்ப்பிணிகளுக்குத் தமிழக அரசு கொடுக்கிற மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் இவர் பெயரைப் பார்த்திருப்பீங்க. 1886 ஜூலை 30-ம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி, கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர்.

பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போவதே பெரிய விஷயமாக இருந்த காலம் அது. ஆண்கள் மட்டுமே படித்த புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் இவருக்கு இடம் கொடுக்க எதிர்ப்பு வந்தது. மன்னர் தலையிட்ட பிறகுதான் சேர முடிந்தது. 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். 1912-ல் டாக்டராக வெளியே வந்தார். எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையில் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனும் இவர்தான்.

1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டார். வீட்டில் இரண்டு டாக்டர்கள். அப்படியும் தன் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை என்பதுதான் இந்தக் கதையின் வலி.

தங்கைக்கு என்ன ஆச்சு?

1920-களின் தொடக்கத்தில் தங்கைக்கு உடம்புக்கு முடியாமல் போனது. முதலில் அதைச் சீதபேதி என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். நம்ம ஊரில் யாருக்கு வேண்டுமானாலும் வருகிற நோய்தானே? ஆனால் அது மலக்குடல் புற்றுநோய். உண்மை தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. இளம் வயதிலேயே இறந்துபோனார்.

அக்கா பக்கத்திலேயே இருந்து அந்த வேதனையைப் பார்த்தார். அதன் பிறகு புற்றுநோய் என்ற சொல் அவரை விடவே இல்லை. 1925-ல் மேல்படிப்புக்காக லண்டன் போனார். பெண்கள், குழந்தைகள் மருத்துவம் படிக்கத்தான் போனார் என்றாலும், அங்கே புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை நடப்பதைப் பார்த்தார். சென்னையிலும் அப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அங்கேதான் உறுதியானது.

நடுவில் அரசியல் வந்தது. 1926-ல் சென்னை சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவரும் ஆனார். தேவதாசி முறை ஒழிப்புக்காக அவர் நடத்திய போராட்டம் தனிக் கட்டுரையே எழுதலாம். சட்டம் முழுதாக வந்தது 1947-ல். உப்பு சத்தியாகிரகத்தில் காந்தி கைதானதும் 1930-ல் பதவியைத் தூக்கி எறிந்தார். ஆதரவில்லாத பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கியதும் அந்தச் சமயத்தில்தான்.

ஆனால் புற்றுநோய் மருத்துவமனைக்கு மட்டும் கதவு திறக்கவில்லை. இந்த நோய் வந்தால் சாவுதான், அதற்கு எதற்குத் தனி மருத்துவமனை என்பதுதான் அதிகாரத்தில் இருந்தவர்கள் உட்பட பலருடைய எண்ணம். அந்த எண்ணம் பொய்யும் இல்லை என்பதுதான் சிக்கல். வந்தவர்கள் எல்லாம் முற்றிய நிலையில் வந்தார்கள், அதனால் இறந்தார்கள். இறந்ததால் மற்றவர்கள் பயந்து ஒளிந்துகொண்டார்கள். அவர்களும் முற்றிய பிறகே வந்தார்கள். இந்தச் சுற்றை எங்கேயாவது உடைக்க வேண்டும் என்றுதான் முத்துலட்சுமி அலைந்தார்.

இந்திய மாதர் சங்கத்தின் மூலம் வீடு வீடாக, ஆள் ஆளாக நிதி திரட்டினார்கள். அடையாறில் 1952 அக்டோபரில் அடிக்கல் நாட்டியவர் பிரதமர் நேரு. 1954 ஜூன் 18-ம் தேதி மருத்துவமனை இயங்கத் தொடங்கியது. மொத்தம் 12 படுக்கைகள். மும்பை டாடா மருத்துவமனை மாதிரி நாட்டிலேயே விரல் விட்டு எண்ணக்கூடிய புற்றுநோய் மருத்துவமனைகள்தான் அப்போது. முத்துலட்சுமிக்கு வயது 68 ஆகப் போகிறது. லண்டன் பயணத்திலிருந்து கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 30 வருடக் காத்திருப்பு. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி பொறுப்பேற்றார். அடுத்த ஆண்டே இளம் டாக்டர் சாந்தா வந்து சேர்ந்தார்.

அன்று சென்னைப் பெண்களிடம் அதிகமாக இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். இன்று நிலைமை மாறி, மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்துவிட்டது. இதைச் சொல்வது அதே அடையாறு நிறுவனம் நடத்துகிற சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு.

கட்டி இல்லைன்னா பயமில்லையா?

மார்பகப் புற்றுநோய் என்றாலே கட்டி என்றுதான் நினைக்கிறோம். அது சரிதான், ஆனால் முழுசா சரியில்லை. சில நேரம் முதல் அறிகுறியே தோலில்தான் தெரியும்.

தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடித்துப் போகலாம். மார்புக்குள் இருக்கிற நிணநீர்க் குழாய்கள் அடைபடுவதால் நீர் தேங்கித் தோல் வீங்கும். மயிர்க்கால் இருக்கிற இடம் மட்டும் உப்பாமல் உள்ளேயே நிற்கும், அதனால்தான் அந்தக் குழிகள். இன்னொரு வகையில், உள்ளே இருக்கிற நார்கள் இழுக்கப்பட்டு ஒரே இடத்தில் தோல் குழியும். கையைத் தலைக்கு மேலே தூக்கிக் கண்ணாடியில் பார்த்தால் இது நன்றாகத் தெரியும். வெளியே இருந்த காம்பு புதிதாக உள்ளே இழுத்துக்கொள்வதும் கவனிக்க வேண்டிய மாற்றம்.

ஒரு பக்கக் காம்பில் மட்டும் சொறி மாதிரி செதில் உதிர்ந்து, களிம்பு போட்டும் ஆறாமல் இருந்தால் அது தோல் நோயாக இல்லாமலும் இருக்கலாம். இதை ஜேம்ஸ் பேஜட் என்ற லண்டன் டாக்டர் 1874-லேயே எழுதி வைத்துவிட்டார். முத்துலட்சுமி லண்டன் போவதற்கு அரை நூற்றாண்டு முன்பு!

அரிதாக, மார்பு முழுவதும் திடீரென்று சிவந்து, சூடாகி, கனத்துப் போகும். கட்டியே கைக்குத் தட்டுப்படாது. தாய்ப்பால் கொடுக்கிறவங்களுக்குப் பால் கட்டிக்கிட்டாலும், சீழ் பிடித்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். அதனால் முதலில் ஆன்டிபயாடிக் கொடுப்பது தவறில்லை. ஒரு வாரம், பத்து நாளில் குறையவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். அப்போது அதே மாத்திரையை மெடிக்கலில் திரும்ப வாங்காமல், டாக்டரிடம் திரும்பப் போங்க. சீதபேதி மருந்துக்குக் கேட்காத அந்தத் தங்கையின் நோய் மாதிரிதான் இதுவும்.

வலி இல்லையே என்று சமாதானம் ஆக வேண்டாம். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலி இருக்காது. அதே நேரம், தோல் மாறிவிட்டது என்றாலே புற்றுநோய்தான் என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்கவும் வேண்டாம். பார்த்தால் தெரிந்துவிடும், அவ்வளவுதான்.

எங்கே போறது?

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை மக்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஷேர் ஆட்டோ தூரம். முதலில் பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் போகலாம். 30 வயது தாண்டிய பெண்களுக்கு மார்பகப் பரிசோதனை செய்வது அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது. ஆண் டாக்டரிடம் காட்டக் கூச்சமாக இருந்தால், பெண் டாக்டரோ நர்ஸோ கூட இருக்க வேண்டும் என்று தயங்காமல் கேளுங்க.

அங்கே என்ன செய்வார்கள்? டாக்டர் இரண்டு மார்பையும் அக்குளையும் கையால் பரிசோதிப்பார். வயதைப் பொறுத்து மேமோகிராமோ அல்ட்ராசவுண்ட் ஸ்கேனோ எடுப்பார்கள். சந்தேகம் இருந்தால் ஊசி மூலமாகவோ தோலில் சின்னத் துண்டு எடுத்தோ பயாப்ஸி செய்வார்கள். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். புற்றுநோய் என்று உறுதியானால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சிகிச்சை எடுக்கலாம். போவதற்கு முன் சந்தேகம் கேட்க 104 எண்ணுக்கு அழைக்கலாம்.

1956-ல் முத்துலட்சுமிக்கு பத்மபூஷண் விருது கிடைத்தது. 1968 ஜூலை 22-ம் தேதி, 82-வது பிறந்தநாளுக்கு எட்டு நாள் முன்பு காலமானார். 1955-ல் வந்து சேர்ந்த சாந்தா, 2021 ஜனவரியில் இறக்கும் வரை அடையாறு மருத்துவமனையை விட்டுப் போகவே இல்லை. முத்துலட்சுமியின் பிறந்தநாளான ஜூலை 30-ஐத் தமிழக அரசு மருத்துவமனை தினமாகக் கொண்டாடுகிறது.