கிளாட் பெக்

கிளாட் ஷேஃபர் பெக் (நவம்பர் 8, 1894 – அக்டோபர் 14, 1971) அமெரிக்க இதய அறுவை மருத்துவர் ஆவார். மின்னதிர்ச்சி கொடுத்து மனித இதயத்தின் உதறலை நிறுத்தி, 1947 ஆம் ஆண்டில் ஓர் உயிரை முதன்முதலாக மீட்டவர் இவரே.

இளமையும் கல்வியும்

பெக் பென்சில்வேனியா மாநிலத்தின் ஷமோக்கின் நகரில் பிறந்தார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1921 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் கிளீவ்லாந்தில் உள்ள வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். இதய உறைக்குள் நீர்மம் தேங்கி இதயத்தை அழுத்துவதைக் காட்டும் மூன்று அறிகுறிகளை இவர் 1935 இல் விளக்கினார். குறைந்த இரத்த அழுத்தம், புடைத்த கழுத்து நாளங்கள், மங்கிய இதய ஒலி ஆகிய இம்மூன்றும் இன்றும் இவர் பெயராலேயே வழங்குகின்றன.

1947 அறுவை சிகிச்சை

ஜெனீவா ஆய்வாளர்களான பிரவோஸ்ட், பட்டெல்லி இருவரும் மின்னோட்டத்தால் நாயின் இதய உதறலை நிறுத்த முடியும் என 1899 இலேயே கண்டறிந்திருந்தனர். பெக்கின் பல்கலைக்கழகத்தில் கார்ல் விக்கர்ஸ் இதனைத் தொடர்ந்து ஆராய்ந்தார்.

1947 இல் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு மார்புக்கூட்டுக் குறைபாட்டை நீக்க பெக் அறுவை சிகிச்சை செய்தார். அதன் முடிவில் சிறுவனின் இதயம் நின்றது. பெக் மார்பை மீண்டும் திறந்து, சுமார் 45 நிமிடங்கள் இதயத்தைக் கையால் பிசைந்து இரத்த ஓட்டத்தைக் காத்தார். மின்னலை வரைவு கீழறை உதறலைக் காட்டியது. முதல் மின்னதிர்ச்சி பயனளிக்கவில்லை. புரோகைன் மருந்து செலுத்தப்பட்டு, மீண்டும் அதிர்ச்சி கொடுக்கப்பட்டதும் துடிப்பு சீரானது. சிறுவன் முழு நலம் பெற்றான்.

அதிர்ச்சி தேவைப்படும் துடிப்புகள்

இதயம் நின்ற எல்லா நிலைகளிலும் மின்னதிர்ச்சி பயன்படாது. அது இரண்டு நிலைகளுக்கே உரியது.

1. கீழறை உதறல்: வரைவில் வடிவமும் உயரமும் ஒழுங்கற்ற அலைகள் தோன்றும். தசைநார்கள் தனித்தனியே துடிப்பதால் இரத்தம் வெளியேறாது.
2. நாடித்துடிப்பற்ற கீழறை மிகைத்துடிப்பு: அகன்ற அலைகள் மிக வேகமாக அடுத்தடுத்து வரும், நாடி இராது.

அதிர்ச்சி இக்குழப்பத்தை ஒருசேர நிறுத்தி, இதயத்தின் இயல்பான துடிப்பு மையம் மீண்டும் இயங்க வழிவிடுகிறது. வரைவு நேர்கோடாக இருப்பின் நிறுத்துவதற்கு மின்செயல்பாடே இல்லை. சீரான அலைகள் தெரிந்தும் நாடி இல்லையெனில், மின்செயல்பாட்டில் குழப்பம் இல்லை. இவ்விரு நிலைகளிலும் மார்பு அழுத்தமும் அட்ரினலினுமே சிகிச்சை. கம்பி கழன்றாலும் நேர்கோடு தோன்றக்கூடும் என்பதால் இணைப்புகளைச் சரிபார்ப்பது அவசியம்.

பிற்காலம்

பெக் 1952 இல் அமெரிக்காவின் முதல் இதய-இரத்தநாள அறுவைப் பேராசிரியரானார். திடீரென நிற்கும் இதயங்களில் பல, தொடர்ந்து இயங்கும் வலிமை உள்ளவை என்று இவர் கருதினார். ஆகவே 1950 முதல் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் உயிர்மீட்புப் பயிற்சி அளித்தார். மார்பைத் திறக்காமலேயே அதிர்ச்சி கொடுக்கும் முறையை பால் சோல் 1956 இல் வெளியிட்டார்.

இன்றைய தானியங்கி உதறல் நீக்கிகள் துடிப்பைத் தாமே இனங்கண்டு, அதிர்ச்சி தேவையா எனக் குரலில் அறிவிக்கின்றன. மார்பு அழுத்தம் இல்லாத ஒவ்வொரு நிமிடத் தாமதத்திலும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. தருமபுரி நகரிலிருந்து சுமார் 40 கி.மீ. தொலைவிலுள்ள அரூர் போன்ற ஊர்களில், 108 ஊர்தி வரும்வரை அருகில் இருப்பவர் தரும் மார்பு அழுத்தமே உயிரைக் காக்கும் முதல் படியாகும்.