கோபாலகிருஷ்ண பாரதியார்

கதை கேட்கும் வேட்கை மாந்தர்க்கு இயல்பானது. மழலை மாறாத குழந்தையும் பாட்டியின் மடியிலிருந்து கதை கேட்கும். உழுது களைத்த உழவரும் ஊர்ப் பொதுவிடத்திற் கூடிக் கதை கேட்பர். இவ்வியல்பை நன்குணர்ந்து, ஏட்டில் இருந்த தொண்டர் ஒருவர் வரலாற்றை நாட்டார் அனைவர் செவிக்கும் உரியதாக்கிய பெரியார் கோபாலகிருஷ்ண பாரதியார் ஆவர்.

இவர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணம் என்னும் ஊரிற் பிறந்தவர். இசைவாணர் மரபில் தோன்றியவராதலின் இளமையிலேயே இசைப்பயிற்சி எய்தினார். இல்லறத்தை மேற்கொள்ளாது, மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் நெடுங்காலம் எளிய வாழ்வு வாழ்ந்தார். தில்லைக் கூத்தப்பெருமானிடம் நீங்காத அன்பு பூண்டிருந்தார்.

அந்நாளில் சோழநாட்டில் கதாகாலட்சேபம் சிறந்து விளங்கியது. ஒருவரே நின்று, மிருதங்கமும் தாளமும் உடன் ஒலிக்க, இடையிடையே பாடியும் உரைநடையாற் பேசியும் கதை சொல்லுதல் அதன் முறையாகும். இம்முறையிற் சொல்லுதற்குப் பாரதியார் திருநாளைப்போவார் என்னும் நந்தனாரின் வரலாற்றைத் தேர்ந்துகொண்டார்.

நந்தனார் ஆதனூரிற் பிறந்தவர். குலத்தின் பெயரால் தாழ்த்தப்பட்டுக் கோயிலின் புறத்தே நின்றவர். இவர் வரலாற்றைச் சேக்கிழார் பெரியபுராணத்திற் பாடியுள்ளார். ஆனால் அப்புராணத்தில் இல்லாத வேதியர் ஒருவரைப் பாரதியார் தம் கதையிற் படைத்தார். அவர் நிலக்கிழார், நந்தனாரோ அவருடைய பண்ணையாள். தில்லை செல்ல விடை வேண்டிய நந்தனாரிடம், நாற்பது வேலி நிலத்துப் பயிர்வேலையையும் முடித்துவிட்டுச் செல்லுமாறு அவர் கட்டளையிடுகிறார். இறைவன் அருளால் அவ்வேலை ஓர் இரவில் முடிகிறது. அது கண்ட நிலக்கிழார் செருக்கொழிந்து அடியவரைப் பணிகிறார். பண்ணையாட்களின் துயரை நாள்தோறும் கண்ட சோழநாட்டு மக்களுக்கு இது பழங்கதையாகத் தோன்றவில்லை. தம் ஊரிலேயே நிகழ்ந்ததுபோல் தோன்றியது.

நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப் பாயிரம் பெற விரும்பிய பாரதியார், அக்காலத்துப் பெரும்புலவராகிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அணுகினார். பேச்சு வழக்குச் சொற்கள் மிகுந்து, இலக்கணப் பிழைகளும் உடையதாக இருந்தமையாற் பிள்ளையவர்கள் பாயிரம் தருவதற்கு உடன்படாது காலந் தாழ்த்தினார். பாரதியார் மனஞ் சலியாது பன்முறை சென்றார். ஒருநாள் பிள்ளையவர்கள் உள்ளே இளைப்பாறிக்கொண்டிருந்தார். திண்ணையிற் காத்திருந்த பாரதியார் தம் பாடல்களை மெல்லப் பாடத் தொடங்கி, தம்மை மறந்து உருகிப் பாடினார். உள்ளிருந்து கேட்ட புலவர்பெருமானின் கண்களில் நீர் பெருகிற்று. பிழையை எண்ணிய உள்ளம் அன்பை எண்ணியது. அவர் எழுந்து வந்து சிறப்புப் பாயிரம் பாடியளித்தார். பிறர் மெச்சுமளவும் முயன்ற பாரதியாரின் பொறுமையும், தம் கருத்தை மாற்றிக்கொள்ள நாணாத புலவரின் பெருந்தன்மையும் ஒருங்கே போற்றத்தக்கன.

பின்னர், காரைக்காலில் இருந்த பிரெஞ்சு அதிகாரி ஒருவரின் ஆதரவால், 1861-ஆம் ஆண்டை ஒட்டி இந்நூல் அச்சேறியது. பாரதியாரின் பாடல்கள் இசையரங்கிலும் நாடக மேடையிலும் புகுந்தன. திரைப்படம் தோன்றியபின் நந்தனார் கதை அங்கும் இடம்பெற்றது. 1935-இல் வெளிவந்த படத்தில் கே. பி. சுந்தராம்பாளும், 1942-இல் வெளிவந்த படத்தில் தண்டபாணி தேசிகரும் நந்தனாராக நடித்தனர். பாரதியாரின் வாழ்க்கை வரலாற்றை, இளமையில் அவரிடம் இசை பயின்ற டாக்டர் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார்.

ஏடு, காலட்சேபம், அச்சுநூல், நாடகம், திரைப்படம் எனக் கதை தங்கும் இடம் காலந்தோறும் மாறும். கோயில் வாயிலில் தடுத்து நிறுத்தப்பட்ட ஓர் ஏழைத் தொண்டரின் ஏக்கத்தைக் கேட்போர் தம் ஏக்கமாக உணரச் செய்தமையாலேயே பாரதியாரின் கதை எவ்விடத்தும் நிலைபெற்றது. பிறர் துயரைத் தம் துயராக எண்ணும் உள்ளத்தை வளர்ப்பதே நற்கதையின் பயன் என்பதை இவர் வாழ்வால் அறிகின்றோம்.