ஒரு டாலர் ஒப்பந்தமும் இரண்டாவது இசைத்தொகுப்பும்

சியாட்டில் நகரில் 1942-இல் பிறந்த ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், பிறருக்குப் பின்னணியில் கிதார் வாசித்துப் பிழைத்துவந்த நாளில், 1965-இல், ஒரு டாலருக்கும் ஒரு விழுக்காடு உரிமத்தொகைக்கும் மூன்றாண்டு ஒப்பந்தமொன்றில் கையெழுத்திட்டார். பேர வலிமையற்ற உழைப்பின் விலை அவ்வளவுதான்.

மறு ஆண்டு லண்டனில் அவருக்கெனக் குழு அமைந்தது. புதிய ஒப்பந்தப்படி 1967-லேயே இரண்டு தொகுப்புகள் தந்தாக வேண்டும். முதலாவது மே மாதம் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டியது. இரண்டாவதான ‘ஆக்சிஸ்: போல்ட் ஆஸ் லவ்’ ஏறத்தாழ முடிந்த நிலையில், முதல் பக்கத்தின் மூல நாடாவை வாடகைக் காரில் தவறவிட்டார் ஹெண்ட்ரிக்ஸ். தயாரிப்பாளர் சாஸ் சாண்ட்லரும் ஒலிப்பதிவாளர் எடி கிராமரும் அவருடன் அமர்ந்து ஒரே இரவில் அதை மீண்டும் கலவை செய்தனர். ஒரு பாடல் மட்டும் பிடிகொடுக்கவில்லை. சக கலைஞர் நோயல் ரெடிங்கிடமிருந்த நாடா கைகொடுத்தது; சுருங்கிப்போயிருந்த அதை இஸ்திரி போட்டு நேராக்கினார்களாம்! டிசம்பர் முதல் நாள் தொகுப்பு வெளியாயிற்று. உறையில் திருமாலின் விசுவரூபம். தம் முன்னோரான அமெரிக்கப் பழங்குடியினரை எதிர்பார்த்திருந்த அவருக்கு அது உவப்பளிக்கவில்லை.

பழைய ஒப்பந்தமோ விடவில்லை. அமெரிக்க வழக்கைத் தீர்க்க, 1970-இல் வெளிவந்த ஒரு தொகுப்பையே ஈடாகத் தர நேர்ந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 18 அன்று, 27 வயதில், லண்டனில் அவர் மறைந்தபோது, இங்கிலாந்து வழக்கு நிலுவையில் இருந்தது.