யார் இந்த ரோஜா முத்தையா? எடைக்குப் போகும் பழைய பத்திரிகைகளை நூலகமாக்கிய ஓவியர்!

குற்றாலத்துல சாரல் விழ ஆரம்பிச்சா தென்காசி வட்டாரத்துக்கே கொண்டாட்டம்தான். ஆனா, பரண்ல கிடக்கிற பழைய பத்திரிகைகளுக்கு அது ஆகாத காலம். ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்கும், பூச்சி அரிக்கும், கடைசியில் எல்லாம் எடைக்குப் போகும்.

ரசிகமணி டி.கே.சி. வாழ்ந்த ஊர் குற்றாலம். ராஜாஜியும் கல்கியும் அவரைத் தேடி வந்து தங்கிய ஊர். அந்த ஊரிலேயே இன்று 1940களின் ‘கல்கி’ இதழ் ஒன்றை அட்டையோடு பார்க்கணும்னா, தேடித்தான் பிடிக்கணும்.

*அட்டைகள் எங்கே போயின?*

காரணம் நம்ம பழக்கம்தான். பிடித்த தொடர்கதையின் பக்கங்களை மட்டும் வாரா வாரம் பிரித்தெடுத்து, கடைசியில் பைண்டு பண்ணி வைப்பார்கள். 1950 முதல் 1954 வரை வந்த ‘பொன்னியின் செல்வன்’ பல வீடுகளில் இப்படித்தான் தங்கியது. கதையோடு மணியம் வரைந்த படங்களும் தப்பித்தன. ஆனா அட்டை, விளம்பரம், துணுக்கு எல்லாம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டன.

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான கதை. அங்கே பத்திரிகை அட்டைதான் பொக்கிஷம். அதிலும் பேஸ்பால் படம் போட்ட பழைய அட்டைகளைத் தேடித்தேடி சேர்ப்பதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். 1949 ஏப்ரல் 23 தேதியிட்ட ‘சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்’ அட்டையில், மழை வலுக்குமா என்று மூன்று நடுவர்கள் வானத்தைப் பார்த்து நிற்பதை நார்மன் ராக்வெல் வரைந்தார். அதன் மூல ஓவியம் இன்று கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனா அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. ஃபிரேம் போடுவதற்காக அட்டையை மட்டும் கிழித்து எடுத்தால், இதழ் பாழாகிவிடும்.

நாம கதையை வச்சுக்கிட்டு அட்டையை விட்டோம். அங்கே சிலர் அட்டையை வச்சுக்கிட்டு இதழை விட்டார்கள். இரண்டையும் சேர்த்துக் காப்பாற்றிய தமிழர்தான் ரோஜா முத்தையா.

*யார் இவர்?*

சிவகங்கை மாவட்டம், காரைக்குடி பக்கத்தில் இருக்கும் கோட்டையூர்தான் இவரது ஊர். பெரிய பதவியில் இருந்தவர் இல்லை, பேராசிரியரும் இல்லை. விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். எழுத்தும் வண்ணமும்தான் அவருடைய பிழைப்பு.

சென்னையில் இருந்தபோது பழைய புத்தகம் தேடி அவர் போன இடம், சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டியிருந்த மூர் மார்க்கெட். அடுத்தவர் வேண்டாம் என்று போட்டதெல்லாம் அங்கே விலைக்கு வரும். 1985இல் அந்தக் கட்டிடம் தீயில் அழிந்தது. அதற்குப் பல வருடம் முன்பே அங்கிருந்து அவர் வாங்கியவை மட்டும் பத்திரமாக இருந்தன.

புத்தகம் மட்டும்தான்னு அவர் நிற்கவில்லை. வார இதழ், மாத இதழ், நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று அச்சான காகிதம் எதையும் அவர் ஒதுக்கவில்லை. ஒரு கட்டத்தில் கோட்டையூரில் சேர்ந்தவை சுமார் ஒரு லட்சம்! ஆய்வாளர்கள் அந்த ஊரைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

*அவருக்குப் பிறகு என்ன ஆனது?*

1992இல் ரோஜா முத்தையா காலமானார். எந்தச் சேகரிப்புக்கும் ஆபத்தான நேரம் இதுதான். சேர்த்தவர் போனதும் கட்டுக்கட்டாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடும்.

இங்கே அப்படி நடக்கவில்லை. சேகரிப்பு சிதறக்கூடாது என்று அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகம் அதை மொத்தமாக வாங்கியது. வாங்கியது அமெரிக்கப் பல்கலைக்கழகம்தான், ஆனா எதையும் கப்பலேற்றிக் கொண்டு போகவில்லை. 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. முதலில் முகப்பேரில் இருந்தது, இப்போ தரமணியில் இயங்குகிறது. நைந்துபோன தாள்கள் மைக்ரோஃபிலிமில் பதிவாகின. தமிழ் இதழ்களைக் காப்பாற்ற சிகாகோவிலிருந்து பணம் வர வேண்டியிருந்தது என்பது நாம யோசிக்க வேண்டிய விஷயம்.

*ஒரு அட்டையில் அப்படி என்ன இருக்கு?*

தேதி இருக்கு, விலை இருக்கு, பல அட்டைகளில் ஓவியர் கையெழுத்தும் இருக்கு. அந்தக் காலத்தில் சேலையை எப்படிக் கட்டினாங்க, என்ன நகை போட்டாங்க, எந்த வண்டியில போனாங்க, எதைப் பார்த்துச் சிரிச்சாங்க என்பதெல்லாம் படத்திலேயே தெரியும். அதே இதழின் உள்ளே இருக்கும் செய்தியையும் விளம்பரத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த அட்டைப்படம் எதைச் சொல்ல வந்தது என்று புரியும். தனியாகக் கிழித்த அட்டை வெறும் படம். முழு இதழாக இருந்தால் அது சாட்சி.

*உங்க வீட்டுப் பரணில் இருந்தால்?*

பழைய இதழ் கிடைத்தால் அட்டையைக் கிழிக்காதீங்க. செல்லோ டேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷனும் வேண்டாம். இரண்டுமே காகிதத்தைக் கெடுக்கும். ஈரம், வெயில் இரண்டும் படாத இடத்தில் படுக்க வைத்தாலே போதும். குற்றாலம் பக்கம் இருப்பவர்கள் சாரல் முடிந்ததும் ஒருமுறை எடுத்துப் பார்த்து, நிழலில் காற்றாட வைப்பது நல்லது. வீட்டில் வைக்க முடியாதுன்னா, எடைக்குப் போடும் முன் இது போன்ற ஒரு நூலகத்திடம் கேட்டுப் பார்க்கலாம்.

போர்டு எழுதிய ஒரு மனிதர் தனியாளாகச் சேர்த்ததுதான் இன்று ஒரு நூலகமாக நிற்கிறது. அதில் பெரும்பகுதி யாரோ ஒருவர் வேண்டாம் என்று தூக்கிப் போட்ட காகிதம்.