வழிகாட்டிய புலவர் குலாம் காதிறு நாவலர்



அருப்புக்கோட்டையிலிருந்து விருதுநகர் செல்லும் சாலையில் பாலவனத்தம் என்னும் ஊரை நாம் அடிக்கடி கடந்து செல்கிறோம். அவ்வூர் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் 1901-ஆம் ஆண்டில் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். அச்சங்கப் புலவர்களுள் ஒரு முஸ்லிம் பெரும்புலவரும் வீற்றிருந்தார் என்பதை நம் இளைஞர்களுள் பலர் அறியார். அவரே நாகூர் குலாம் காதிறு நாவலர் அவர்கள்.

நாவலர் அவர்கள் 1833-இல் நாகூரில் பிறந்தார்கள். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் தமிழ் பயின்றார்கள். சைவப் பெரும்புலவரிடம் பயின்றதால் அவர்களின் மார்க்கப் பற்று சிறிதும் குறையவில்லை. அக்கல்வியைக் கொண்டே நாகூர்ப் புராணம், ஆரிபு நாயகம், பகுதாதுக் கலம்பகம் முதலிய நூல்களை இயற்றி, இறைநேசர்களின் புகழைத் தமிழில் நிலைநாட்டினார்கள். கடல் கடந்து பினாங்கில் வாழ்ந்த காலத்திலும் தமிழை விட்டார்களில்லை; அங்கே வித்தியா விசாரிணி என்னும் இதழின் ஆசிரியராக விளங்கினார்கள்.

தாம் பாடுவதோடு நாவலர் நிறைவடையவில்லை. செய்யுள் இயற்றுவோர் அறியவேண்டிய இலக்கணத்தைப் பொருத்த விளக்கம் என்னும் நூலில் கற்பித்தார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில் நபியவதாரப் படலத்திற்கு உரை வரைந்தார்கள். பாட்டின் பொருள் புலவரோடு நின்றுவிடாமல் எளியவரையும் எட்டவேண்டும் என்பதன்றோ உரையின் பயன்!

ஆற்றுப்படை என்பது பழந்தமிழ் நூல்வகை. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவர், வறுமையோடு எதிரே வருபவரைத் தம் வள்ளலிடம் செல்ல வழிப்படுத்துவதே அதன் பொருள். ஏறத்தாழ எழுபது வயதில், 1903-இல், நாவலர் புலவராற்றுப்படை பாடி, தமிழ் கற்றோரை மதுரைச் சங்கத்தின்பால் ஆற்றுப்படுத்தினார்கள். தமக்குக் கிடைத்த சிறப்பைத் தமக்கே வைத்துக்கொள்ளாமல் பிறருக்கும் வழிகாட்டிய அவர்களின் வாழ்வு முழுவதுமே ஓர் ஆற்றுப்படை எனலாம். 1908-இல் அவர்கள் மறைந்தார்கள்.

மானாவாரி நிலத்தை நம்பி வாழும் நம் பகுதியில் பிள்ளைகள் பிழைப்புத் தேடி வெளியூரும் வெளிநாடும் செல்வது இயல்பே. ஆனால் சீறாவைப் பொருளறிந்து ஓதுவோர் நம்மிடையே அருகி வருவது கவலைக்குரியது. கற்றவர் ஒருவர் மற்றொருவருக்குக் கற்பிக்காவிடில் அச்செல்வம் ஒரு தலைமுறையிலேயே அற்றுப்போகும். எனவே ஒவ்வோர் இல்லத்திலும் பெரியோர் ஒருவரேனும் பிள்ளைகளை அருகமர்த்தி, நாளொரு பாடலைப் பொருளோடு சொல்லிக்கொடுக்க முன்வர வேண்டும். நாவலருக்கு நாம் செய்யும் நன்றி அதுவே. வல்ல அல்லாஹ் அதற்கு அருள்புரிவானாக. ஆமீன்.