பழி சுமந்த கோல் கீப்பர்



மொவாசிர் பார்போசா 1921-ல் பிரேசில் நாட்டின் கம்பினாஸ் நகரில் பிறந்தார். 1949-ல் பிரேசில் தென் அமெரிக்கக் கோப்பையை வென்றபோது இவர்தான் கோல் கீப்பர்.

1950-ல் உலகக் கோப்பை பிரேசிலிலேயே நடந்தது. சுவீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என்று பிரேசில் தோற்கடித்தது. ஜூலை 16-ல் உருகுவேயோடு கடைசி ஆட்டம். டிரா செஞ்சாலே கோப்பை. ஆட்டத்துக்கு முன்னாடியே நாமதான் சாம்பியன்னு மக்கள் முடிவு பண்ணிட்டாங்க. பத்திரிகையிலும் அப்படியே போட்டாங்க. மரக்கானா மைதானத்தில் சுமார் 2 லட்சம் பேர்!

முதல் கோல் பிரேசிலுக்குத்தான். ஆனால் உருகுவே 2-1 என்று ஜெயித்தது. கிஜ்ஜியா பந்தைப் பக்கத்தில் நிற்பவருக்குத் தருவார் என்று பார்போசா ஓர் அடி முன்னால் வந்தார். அவரோ நேராக கோலுக்கே அடித்துவிட்டார்.

பழியெல்லாம் பார்போசா தலையில் விழுந்தது. 1958-ல் பிரேசில் கோப்பை வென்ற பிறகும் அது தீரவில்லை. 1993-ல் பிரேசில் அணியைப் பார்க்கப் போனவரை, ராசியில்லாதவர்னு உள்ளேயே விடல. 2000-ல் இறந்தார்.

அளவுக்கு மீறி ஆசைப்பட்டது நாடு முழுக்க. தண்டனை மட்டும் ஒருத்தருக்கு, 50 வருஷம். இது நியாயமா?

நம்ம டீம் தோத்தாலும் கோல் கீப்பரைத் திட்டாதீங்க. கை தட்டிக் கூட்டிட்டு வாங்க!