காகிதத்துக்குப் போட்ட ஏசி: வில்லிஸ் கேரியரின் கதை

சைக்ரோமெட்ரிக் சார்ட்டைப் பார்த்து தலையைச் சொறிஞ்சவரா நீங்க? அந்த வளைகோடுகளுக்குப் பின்னால ஒரு ஆள் இருக்கார். பேரு வில்லிஸ் கேரியர். ஆமா, ஏசி பெட்டி மேல பார்த்த அதே பேருதான்.

1876ல் நியூயார்க் மாநிலத்தில், அங்கோலா என்ற ஊரில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். ஸ்காலர்ஷிப்பில் கார்னெல் பல்கலைக்கழகம் போய் எலக்ட்ரிகல் படித்தார். 1901ல் பஃபலோ ஃபோர்ஜ் கம்பெனியில் வேலை. சம்பளம் வாரத்துக்கு 10 டாலர்.

அடுத்த வருஷமே ஒரு சிக்கல் வந்தது. புரூக்ளினில் ஒரு கலர் அச்சகம். ஒவ்வொரு கலருக்கும் காகிதம் தனித்தனியா மெஷினுக்குள்ள போய் வரணும். காத்துல ஈரம் ஏறினா காகிதம் விரியும், குறைஞ்சா சுருங்கும். ஒரு கலர் மேல இன்னொரு கலர் சரியா உட்காராது. குளிர்ந்த குழாய்கள் மேல காத்தை ஓட்டி ஈரத்தைக் கட்டுப்படுத்த 25 வயசு கேரியர் ஒரு அமைப்பை வடிவமைத்தார். கவனிங்க, முதல் ஏசி மனுஷனுக்காக இல்ல, காகிதத்துக்காக.

அதே 1902ல் பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் பனிமூட்டத்தைப் பார்த்தபோதுதான் பெரிய யோசனை வந்தது. பனிமூட்டம்னா ஈரத்தால் நிரம்பிய காற்று. ஆனா வெப்பநிலை குறைவா இருந்தா, நிரம்பிய காற்றிலும் நீர் கொஞ்சம்தான் இருக்கும். அப்போ குளிர்ந்த நீர்த்தூறலுக்குள்ள காற்றை அனுப்பினா, கூடுதல் ஈரம் தூறலோட சேர்ந்து விழுந்திடும். தண்ணீரால் காற்றை உலர்த்தலாம்! தூறலின் வெப்பநிலையை மாத்தினா ஈரமும் மாறும். இதற்கு 1906ல் காப்புரிமை கிடைத்தது. 1911ல் தன் சூத்திரங்களை அமெரிக்க மெக்கானிக்கல் பொறியாளர் சங்கத்தில் சமர்ப்பித்தார். நம்ம சார்ட்டின் வேர் அதுதான்.

முதல் உலகப்போர் தொடங்கியதும் கம்பெனி அவருடைய பிரிவை மூட முடிவு செய்தது. அவர் சோர்ந்து போகல. 1915ல் ஏழு இன்ஜினியர்கள் பணம் போட்டு சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். 1922ல் பெரிய கட்டடங்களுக்கேற்ற சென்ட்ரிஃப்யூகல் சில்லர் வந்தது. 1928ல் டெக்ஸாஸின் சான் அன்டோனியோவில் 21 மாடி மைலம் பில்டிங் முழுக்க ஏசியோடு திறந்தது. 1939ல், தரைப்பரப்பைத் தின்னும் அகலமான டக்ட்டுக்குப் பதிலா, சின்னக் குழாயில் வேகமா காற்றை அனுப்பும் முறையைக் கொண்டுவந்தார். வானளாவிகளுக்கு வழி திறந்தது.

1950ல் கேரியர் இறந்தார். இரண்டே வருஷத்தில் நியூயார்க்கில் லீவர் ஹவுஸ் எழுந்தது. சுற்றிலும் கண்ணாடி, திறக்க முடியாத ஜன்னல். அதுவரை உயரமான கூரை, திறக்கும் ஜன்னல், காற்று வரும் முற்றம் என்று கட்டடமே பாதி வேலையைச் செய்தது. இப்போ எல்லாத்தையும் மெஷின் தலையில கட்டியாச்சு. 1973 எண்ணெய் நெருக்கடியில்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டிகளின் மின்செலவு உறைத்தது.

அப்புறம் திரும்பி நடக்க ஆரம்பிச்சோம். 1997ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் முடிந்த காமர்ஸ்பேங்க் கோபுரத்தைப் பாருங்க. முக்கோண வடிவம், நடுவில் முற்றம், பல உயரங்களில் தோட்டங்கள், ஊழியர்களே திறக்கும் ஜன்னல்கள். வெளியே வானிலை ஒத்துழைக்காதபோதுதான் ஜன்னல் மூடி, ஏசி ஓடும்.

இதனால் கேரியர் தோத்துட்டாருன்னு நினைக்காதீங்க. காற்றில் எவ்வளவு ஈரம், எவ்வளவு வெப்பம்னு கணக்குப் போட்டவர் அவர். அந்தக் கணக்கை மறந்தது நாம. நாளைக்கு உங்க கைக்கு ஒரு பில்டிங் பிளான் வந்தா, எத்தனை டன் ஏசின்னு கேக்குறதுக்கு முன்னாடி, வெயில் எந்தப் பக்கம் விழுதுன்னு கேளுங்க.